லலிதா ராமகிருஷ்ணனும் டிபியும் ஒரு சின்ன மீனும்

ரொம்ப நாளா இவங்கள பத்தி எழுதணும்னு நினைச்சுட்டே இருந்தேன், இன்னைக்குதான் உக்காந்தேன். வெங்கி ராமகிருஷ்ணன்னா நம்ம ஊர்ல எல்லாருக்கும் தெரியும், சிதம்பரத்துல பொறந்தவர், 2009ல கெமிஸ்ட்ரி நோபல் வாங்கினவர், பேப்பர்ல டிவியில எல்லாம் வந்தாச்சு. அவரோட தங்கச்சி லலிதா ராமகிருஷ்ணன், அண்ணன் இருக்குற அதே இங்கிலாந்து கேம்பிரிட்ஜ்லதான் லேப் வச்சிருக்காங்க, டிபி கிருமிக்கும் நம்ம உடம்போட எதிர்ப்பு சக்திக்கும் நடுவுல என்னதான் நடக்குதுன்னு கண்டுபிடிக்கிறதுக்கே வாழ்க்கைய கொடுத்தவங்கன்னு சொன்னா "அப்படி ஒருத்தர் இருக்காங்களா"ன்னு கேக்குறாங்க. மைக்ரோபயாலஜி படிச்ச பிள்ளைங்களே கேக்குறாங்க. எனக்கு மனசு தாங்கல. உலகத்துல டிபி வர்றவங்கள்ல நாலுல ஒருத்தர் இந்தியாக்காரர், அந்த வியாதிய பத்தி இவ்ளோ புதுசா யோசிச்ச ஒருத்தங்கள நம்ம பிள்ளைங்களுக்கு தெரியாம இருக்கலாமா?

நான் ஒரு ஆஸ்பத்திரி லேப்ல வேலை பாக்குறேன். தினமும் சளி டப்பா வரும், அதுல சீழ் மாதிரி கெட்டியா இருக்குற இடமா பாத்து எடுத்து ஸ்லைடுல தடவி, காய வச்சு, கார்பால் ஃபுக்சின் ஊத்தி, அடியில தீ காட்டி லேசா ஆவி எழும்புற வரைக்கும் சூடு பண்ணி, ஆசிட்ல கழுவி, மெத்திலீன் ப்ளூ போட்டு, ஆயில் விட்டு நூறு லென்ஸ்ல பாத்தா நீல பேக்ரவுண்டுல சிவப்பா மெல்லிசா லேசா வளைஞ்ச குச்சி குச்சியா தெரியும். இப்ப கிருமியோட ஜீன தேடுற சிபிநாட், ட்ரூநாட் மெஷின் டெஸ்ட் எல்லாம் வந்துடுச்சு, ஆனாலும் ஸ்லைடு பாக்குறது நிக்கல, மாத்திரை கேக்குதா இல்லையான்னு ஃபாலோ-அப்புக்கு இன்னும் அதான். அந்த சிவப்பு குச்சிய பாக்கும்போதெல்லாம் எனக்கு ஒண்ணு தோணும், இது உள்ள இருந்தப்போ என்ன பண்ணிட்டு இருந்துச்சு, எந்த செல்லுக்குள்ள உக்காந்திருந்துச்சு, அந்த செல் ஏன் இத கொல்லாம விட்டுச்சு? ஸ்லைடு அத சொல்லாது. ரிப்போர்ட்ல கிருமி எவ்ளோ இருக்குன்னு ஒன் ப்ளஸ், டூ ப்ளஸ்னு எழுதி அனுப்பிடுவோம், அவ்ளோதான். லலிதா மேடம் போய் நின்னது சரியா அந்த கேள்விகிட்ட.

அவங்க பரோடாவுல வளந்தவங்க. அப்பா அம்மா ரெண்டு பேருமே அங்க யூனிவர்சிட்டியில சயின்டிஸ்ட். இவங்க சின்ன பொண்ணா இருக்கும்போதே அம்மாவுக்கு முதுகெலும்புல டிபி வந்திருக்கு. டிபின்னா நுரையீரல் மட்டும்தான்னு நினைக்கிறவங்க இன்னும் நிறைய பேர் இருக்காங்க, எலும்புல வரும், கழுத்துல நெறிகட்டியா வரும், மூளை உறையில வரும். லலிதா மேடம் பரோடா மெடிக்கல் காலேஜ்ல எம்பிபிஎஸ் முடிச்சுட்டு, டாக்டராவே இருந்துடாம அமெரிக்கா போய் பாஸ்டன்ல டஃப்ட்ஸ் யூனிவர்சிட்டியில இம்யூனாலஜியில (எதிர்ப்பு சக்தி பத்தின படிப்பு) பிஎச்டி பண்ணாங்க, அது எலிக்கு லுகேமியா உண்டாக்குற ஒரு வைரஸ பத்தினது, டிபிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. அப்புறம் திரும்பவும் டாக்டர் ட்ரெயினிங், தொற்று நோய்ல ஸ்பெஷலைசேஷன், அதுக்கு பிறகுதான் ஸ்டான்ஃபோர்டுல ஸ்டான்லி ஃபால்கோகிட்ட போஸ்ட்டாக், அதாவது பிஎச்டிக்கு அப்புறம் பண்ற ஆராய்ச்சி வேலை. பாக்டீரியா எப்படி வியாதி உண்டாக்குதுங்குற துறையில அவர் பெரிய ஆசான், அந்த காலத்து பெரிய பெரிய ஆளுங்க பலபேர் அவர் லேப்ல இருந்து வந்தவங்க.

இங்கதான் அவங்க எடுத்த ஒரு முடிவு, அத நினைச்சா எனக்கு இன்னும் ஆச்சரியமா இருக்கு. டிபி கிருமியில வேலை பாக்குறது எவ்ளோ கஷ்டம்னு லேப் ஆளுங்களுக்கு தெரியும். ஒரு கிருமி ரெண்டாகவே கிட்டத்தட்ட ஒரு நாள் ஆகும், நம்ம குடல்ல இருக்குற ஈ-கோலை பாக்டீரியாவுக்கு அதுக்கு இருபது நிமிஷம் போதும். திட மீடியால காலனி தெரிய வாரக்கணக்குல காத்திருக்கணும். காத்துல பரவுறதால தனி ரூம், தனி காத்தோட்டம், மாஸ்க், கவுன். எல்லாத்துக்கும் மேல எலிக்கு டிபி கொடுத்து பாத்தா அது மனுஷனுக்கு வர்ற மாதிரியே வர்றதும் இல்ல. அதனால அவங்க டிபி கிருமிய நேரா எடுக்காம, அதோட நெருங்குன சொந்தக்காரனான மைக்கோபாக்டீரியம் மரினம்ங்குற கிருமிய எடுத்தாங்க. இது மீனுக்கும் தவளைக்கும் வர்ற டிபி. 1926ல ஃபிலடெல்ஃபியா மீன் காட்சியகத்துல செத்த மீன்கள்ல இருந்து முதல்ல பிரிச்சது. மனுஷனுக்கு வந்தா கையில ஒரு புண்ணு மாதிரி வரும், மீன் தொட்டி கழுவுறவங்களுக்கு வர்றது. நம்ம உடம்பு சூட்டுல அதுக்கு சரியா வளர வராது, அதான் தோலோட நின்னுடுது. டிபி கிருமிய விட வேகமா வளரும், அவ்ளோ கெடுபிடியான லேபும் வேணாம். முதல்ல தவளையில பண்ணாங்க, 2000ல சயின்ஸ் பத்திரிகையில அந்த பேப்பர் வந்துச்சு. "மீன் வியாதிய வச்சு மனுஷ டிபிய பத்தி என்ன சொல்லிட முடியும்"னு ஒருத்தர் கேட்டா பதில் சொல்றது கஷ்டமான நேரம் அது, இருந்தும் அதுலயே நின்னாங்க.

2001ல சியாட்டில்ல வாஷிங்டன் யூனிவர்சிட்டியில சொந்த லேப். இப்ப தவளை போய் மீன் வந்தாச்சு. ஜீப்ரா மீன். நம்ம கலர் மீன் கடையில கொத்தா விக்கிற கோடு போட்ட சின்ன மீன், விரல் நீளம் கூட இருக்காது, பூர்வீகம் நம்ம இந்திய துணைக்கண்டத்து ஆறு ஓடைதான். இதோட முட்டை தாய் உடம்புக்கு வெளிய வளரும், குஞ்சுக்கு உடம்பு முழுக்க ஊடுருவி தெரியும், ஒரு நாள்லயே இதயம் துடிக்கிறத மைக்ராஸ்கோப்ல பாக்கலாம். இன்னொரு விஷயம், இம்யூனாலஜிக்காரங்களுக்கு இதான் பெரிய லாட்டரி: முதல் சில வாரத்துக்கு இந்த குஞ்சுக்கு டி செல், பி செல் (ஒரு கிருமிய பாத்து பழகி அத குறிவச்சு தாக்குற வெள்ளை அணுக்கள்) வேலை எதுவும் கிடையாது, கிருமிய முழுங்குற மேக்ரோஃபேஜ் மாதிரி பொறந்ததுல இருந்தே இருக்குற காவல் மட்டும்தான். அதனால அந்த ஆரம்ப சண்டைய மட்டும் தனியா பிரிச்சு பாக்கலாம். மெல்லிய கண்ணாடி ஊசியால குஞ்சோட பின்மூளைகிட்ட இருக்குற சின்ன குழிக்குள்ள கொஞ்சம் கிருமிய விடுவாங்க, கிருமிக்குள்ள ஒளிர்ற புரதம் வச்சிருப்பாங்க, அப்புறம் மைக்ராஸ்கோப் அடியில வச்சு பாத்துட்டே இருப்பாங்க, மேக்ரோஃபேஜ் ஊர்ந்து வரும், கிருமிய முழுங்கும், முழுங்கிட்டு திரும்ப திசுக்குள்ள போகும். உயிரோட இருக்குற உடம்புக்குள்ள, நடக்குற நேரத்துலயே.

இப்ப கிரானுலோமா விஷயத்துக்கு வர்றேன், இதான் எனக்கு உயிர். கழுத்துல கட்டின்னு பயாப்சி எடுத்து அனுப்புவாங்கல்ல, அதுல பேத்தாலஜி டாக்டர் "கேசியேட்டிங் கிரானுலோமா"ன்னு எழுதினா பெரும்பாலும் டிபிதான். கிருமி உள்ள போன மேக்ரோஃபேஜ்ங்க ஒண்ணோட ஒண்ணு நெருக்கமா ஒட்டி, சுத்தி மத்த வெள்ளை அணுக்கள் வந்து உருண்டையா கட்டிக்கிறது, நடுவுல செத்த செல்லெல்லாம் பாலாடைக்கட்டி மாதிரி ஆயிடும். நாங்க படிச்ச புத்தகத்துல எல்லாம் இது ஒரு கோட்டைச்சுவர், உடம்பு கிருமிய உள்ள அடைச்சு வைக்க கட்டுறது, டி செல் வந்த பிறகுதான் கட்ட முடியும்னு இருக்கும். நானும் பரிட்சையில அப்படித்தான் எழுதி மார்க் வாங்கினேன்.

2002ல லலிதா மேடம் லேப்ல இருந்து வந்த பேப்பர், டி செல்லே இல்லாத மீன் குஞ்சுல சில நாள்லயே கிரானுலோமா உருவாகுறத காட்டுச்சு. சுவர கட்ட டி செல் வேணும்ங்குறதே ஆட்டம் கண்டுச்சு. சரி, யாருக்காக கட்டுறாங்க? 2004ல அடுத்தது. ஆர்டி1னு கிருமியோட ஜீனோம்ல ஒரு பகுதி, ஈசாட்-6ங்குற புரதம் அங்க இருந்துதான் வருது. (டிபி கிருமி உடம்புக்குள்ள போயிருக்கான்னு பாக்க இக்ரானு ஒரு ரத்த டெஸ்ட் பண்றோம்ல, ரத்தத்துல இருக்குற டி செல் இந்த ஈசாட்-6ஐ அடையாளம் தெரிஞ்சுக்குதான்னுதான் பாக்குறோம்.) அந்த பகுதி இல்லாத கிருமிய மீனுக்கு கொடுத்தா மேக்ரோஃபேஜ் சரியா கூடவே மாட்டேங்குது, கிருமியும் பெருகல. அப்போ கூட்டத்த கூட்டுறது கிருமி! 2009ல இன்னும் தெளிவா வந்துச்சு. கிரானுலோமாவுக்குள்ள கிருமி இருக்குற ஒரு மேக்ரோஃபேஜ் செத்து விழுது, உடனே கிருமி இல்லாத புது மேக்ரோஃபேஜ்ங்க வேகமா ஓடி வந்து அந்த பொணத்த முழுங்குது, அதோட கிருமியும் உள்ள போயிடுது, ஒண்ணு செத்தா ரெண்டு மூணுக்கு பரவுது. அதோட சில மேக்ரோஃபேஜ் கிருமியோடயே அந்த உருண்டைய விட்டு கிளம்பி வேற இடத்துக்கு போய் அங்க புதுசா ஒண்ண ஆரம்பிக்குது. 2010ல, கிருமி பக்கத்துல இருக்குற தோல் வகை செல்ல தூண்டி ஒரு என்சைம் சுரக்க வச்சு அது மூலமா மேக்ரோஃபேஜ வரவழைக்குதுன்னும் காட்டினாங்க. நாம கோட்டைனு நினைச்சது, குறைஞ்சபட்சம் ஆரம்ப நாள்ல, கிருமி தனக்கு கட்டிக்கிட்ட வீடு.

இந்த ஆர்டி1 விஷயம் நம்ம ஊருக்கு ரொம்ப பக்கத்துல வர்ற ஒண்ணு. டிபிக்கு போடுற பிசிஜி தடுப்பூசி கிருமிய கால்மெட், கெரான்னு ரெண்டு விஞ்ஞானிங்க வருஷக்கணக்கா வளத்து வளத்து சாதுவாக்கினப்போ அதுல விழுந்துபோன பகுதி இதேதான். கிண்டியில பிசிஜி தயாரிச்சாங்க, செங்கல்பட்டு மாவட்டத்துல 1968ல ஆரம்பிச்சு லட்சக்கணக்கான பேருக்கு போட்டு பாத்த அந்த பெரிய ட்ரையல்ல, பெரியவங்களுக்கு வர்ற நுரையீரல் டிபிய பிசிஜி தடுக்கலன்னு 1979ல ரிசல்ட் வந்துச்சு. குழந்தைங்கள மூளைக்காய்ச்சல் டிபியில இருந்து காப்பாத்துது, அதனால இன்னைக்கும் பொறந்த உடனே போடுறோம், போடணும். ஆனா செங்கல்பட்டு ஜனங்க அத்தனை பேர் கைய நீட்டி கொடுத்த பதில், நோய் எதிர்ப்பு பத்தி நமக்கு இன்னும் எவ்ளோ தெரியலங்குறதுதான். லலிதா மேடம் மாதிரி ஆளுங்க ஆரம்பத்துல இருந்து திரும்ப பாக்க வேண்டி வந்ததுக்கு இதவிட என்ன காரணம் வேணும்?

2014ல வந்த நேச்சர் பேப்பர் இன்னொரு பக்கத்த காட்டுது. கிருமி தன் மேல பிடிஐஎம்னு ஒரு மெழுகு கொழுப்ப பூசிக்கிட்டு தன்னோட அடையாளத்த மறைச்சுக்குது, அதனால கொல்ற வகை செல் வராது, கூடவே பிஜிஎல்னு இன்னொரு கொழுப்ப வச்சு, கொல்லாம உள்ள வச்சுக்கிற வகை செல்ல கூப்பிட்டுக்குது. மூக்கு தொண்டையில மத்த பாக்டீரியா நிறைய இருக்கும், அங்க கொல்ற செல் எப்பவும் சுத்திட்டே இருக்கும், அதான் டிபி கிருமி ரெண்டு மூணு மட்டும் இருக்குற ரொம்ப சின்ன துளியா நுரையீரல் அடி ஆழத்துக்கு போகுதுன்னு அவங்க விளக்கம். படிச்சிட்டு கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன். மாஸ்க் போட சொல்லி தொண்டை வறள கத்துற எங்களுக்கு, துளி சின்னதா இருக்குறதுக்கு பின்னாடி இப்படி ஒரு கணக்கு இருக்கலாம்னு யாரும் சொல்லி கொடுக்கல.

அந்த வருஷம்தான் அவங்க கேம்பிரிட்ஜ் மாறினாங்க. அதுக்கு முன்னாடியே சியாட்டில்ல ஒரு பெரிய வேலை முடிஞ்சிருந்துச்சு. மீன்ல ஜீன ஒவ்வொண்ணா கெடுத்து, எந்த மீனுக்கு வியாதி முத்துதுன்னு தேடினதுல எல்டிஏ4எச்னு ஒரு ஜீன் மாட்டுச்சு, வீக்கம் (இன்ஃப்ளமேஷன், கிருமிய எதிர்க்க உடம்பு கொதிச்சு எழுறது) எவ்ளோ வரணும்னு முடிவு பண்ற ஒரு என்சைம். அது குறைஞ்சாலும் வியாதி முத்துது, கூடினாலும் முத்துது. டிஎன்எஃப்னு ஒரு சிக்னல் இருக்கு, மூட்டுவாதத்துக்கு அத அடக்குற ஊசி போட்டவங்களுக்கு டிபி வந்ததா 2001லயே தெரிஞ்சது, அதனால டிஎன்எஃப் நல்லதுனு நினைச்சோம். இவங்க லேப்ல ரொக்காங்குற ஆராய்ச்சியாளர் காட்டினது என்னன்னா அது அளவுக்கு மீறினா மேக்ரோஃபேஜோட மைட்டோகாண்ட்ரியாவுல (செல்லுக்கு சக்தி தர்ற பகுதி) நச்சு ஆக்சிஜன் கிளம்பி, முதல்ல கொஞ்சம் கிருமிய கொல்லும், அப்புறம் மேக்ரோஃபேஜே வெடிச்சு செத்துடும், கிருமி வெளிய வந்து தாராளமா வளரும்.

இத மனுஷன்ல பாக்க வியட்நாம் போனாங்க. மூளைக்காய்ச்சல் டிபிக்கு வீக்கத்த அடக்குற டெக்சாமெத்தசோன்ங்குற ஸ்டீராய்டு கொடுத்தா சாவு குறையுதுன்னு 2004ல அங்கதான் நிரூபிச்சிருந்தாங்க. அந்த நோயாளிங்க ஜீன எடுத்து பாத்தப்போ, வீக்கம் கூடுதலா வர்ற ஜீன் வகை இருக்குறவங்களுக்குதான் ஸ்டீராய்டு நல்லா உதவி இருக்குன்னு 2012ல எழுதினாங்க. ஒரே வியாதி, ஒரே மருந்து, ஆனா ஆளுக்கு ஆள் உள்ள நடக்குற தப்பு நேர் எதிர். அப்புறம் இந்தோனேஷியாவுல 600க்கு மேல நோயாளிங்கள பாத்தப்போ இந்த ஜீன் தொடர்பு அப்படி தெளிவா வரல. அதையும் சொல்லித்தான் ஆகணும். இந்த மாதிரி இடத்துல சில பேர் விட்டுட்டு போயிடுவாங்க, இவங்க ரெண்டு ஊர் டேட்டாவையும் ஒண்ணா வச்சு திரும்ப அலசின பேப்பர்ல சேந்து வேலை பாத்திருக்காங்க, வியாதி எவ்ளோ முத்தின நிலைமையில ஆஸ்பத்திரிக்கு வந்தாங்கங்குறத பொறுத்து மாறுதுன்னு. எனக்கு அவங்க மேல மரியாதை கூடினது முதல் பேப்பர விட இதுலதான்.

இப்ப நம்ம சென்னைக்கு வரேன். மேக்ரோஃபேஜுக்குள்ள போன கிருமி, மருந்த வெளிய தள்ளுற பம்ப முடுக்கி விட்டு தாக்குப்பிடிக்குதுன்னு 2011ல இவங்க லேப் காட்டுச்சு. பிபிக்கும் இதய துடிப்புக்கும் ரொம்ப வருஷமா கொடுக்குற வெரப்பமில் மாத்திரை அந்த பம்ப தடுக்குது. டிபி மாத்திரை ஆறு மாசம் முழுங்குற கஷ்டம் எனக்கு தெரியும், ரெண்டாவது மாசத்துல உடம்பு தேறினதும் "நல்லாதானே இருக்கேன்"னு விட்டுட்டு, திரும்ப இருமிட்டு வர்றவங்க டப்பாவ நான்தான் வாங்குறேன். அந்த ஆறு மாசத்த குறைக்க இது ஒரு வழியா இருக்கலாம். ஆனா ரிஃபாம்பிசின்ங்குற டிபி மருந்து கூட கொடுத்தா கல்லீரல் வெரப்பமில் மருந்த வேகமா உடைச்சுடும், அதனால எவ்ளோ டோஸ் கொடுக்கணும்னு கண்டுபிடிக்கிற ஸ்டடி சேத்துப்பட்டுல இருக்குற தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தோட சேந்துதான் நடந்துச்சு. டிபிக்கு சானடோரியம் தேவையில்ல, வீட்டுல இருந்தே மாத்திரை சாப்பிட்டு குணமாகலாம்னு 1959ல உலகத்துக்கு காட்டின அதே இடம்.

மெட்ஃபார்மின் கதையும் இதே மாதிரி. சுகருக்கு கொடுக்குற மாத்திரை, அது இல்லாத வீடு நம்ம ஊர்ல உண்டா. மைட்டோகாண்ட்ரியாவுல அந்த நச்சு ஆக்சிஜன் எந்த வழியா வருதுன்னு 2022ல ரொக்காவும் மேடமும் சயின்ஸ்ல எழுதினாங்க, அத மெட்ஃபார்மின் தடுக்குதுன்னு மீன்ல காட்டினாங்க. சேத்துப்பட்டு நிறுவனம் தனியா நடத்தின ட்ரையல்ல டிபி மாத்திரையோட மெட்ஃபார்மின் சேத்து கொடுத்தப்போ சளியில கிருமி சீக்கிரம் போகல, ஆனா உடம்புல வீக்கம் குறைஞ்சது. எனக்கு இது ஏமாத்தமா படல. கிருமிய கொல்ல மருந்து இருக்கு. டிபி குணமான பிறகும் மூச்சு வாங்குதுன்னு வர்றவங்கள பாருங்க, அவங்க நுரையீரல கெடுத்ததுல பெரும்பங்கு அவங்க உடம்போட வீக்கம். அத குறைக்கிற எந்த மலிவு மாத்திரையும் நமக்கு முக்கியம்.

இன்னொன்னு, 2018ல பெஹர், எடல்ஸ்டைன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்ங்க கூட சேந்து மேடம் பிஎம்ஜேங்குற மருத்துவ பத்திரிகையில எழுதினது. டிபி கிருமி உள்ள போனா வாழ்நாள் பூரா தூங்கி எப்ப வேணா முழிக்கும்னு சொல்லி சொல்லி பழகிட்டோம், பழைய ஸ்டடி எல்லாத்தையும் தூசி தட்டி பாத்தா வியாதி வர்றவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு தொற்று வந்த ரெண்டு வருஷத்துக்குள்ளயே வந்துடுதுன்னு வாதம் பண்றாங்க. அப்படின்னா ஒரு வீட்டுல ஒருத்தருக்கு டிபின்னு தெரிஞ்ச உடனே அந்த வீட்டுல மத்தவங்கள பாக்குறதுதான் அவசரம். அரசு மருத்துவமனையில வீட்டு ஆளுங்களுக்கு தடுப்பு மாத்திரை இலவசமா கிடைக்குது, நம்ம ஆளுங்க "எனக்குதான் ஒண்ணும் இல்லையே"ன்னு வாங்க மாட்டேங்குறாங்க. உங்க தெருவுல யாருக்காவது டிபின்னா தயவுசெஞ்சு இத சொல்லுங்க.

வெரப்பமில்ல பெரிய ட்ரையல் ஏதாவது ரிசல்ட் வந்தா தனியா ஒரு போஸ்ட் போடுறேன். தொழுநோய் கிருமிய அதே மீன்ல விட்டு, நரம்ப சுத்தி இருக்குற மையலின் எப்படி கெடுதுன்னு 2017ல காட்டினது ஒண்ணு பாக்கி இருக்கு, அதுல கெடுக்குறது கிருமி இல்ல, மேக்ரோஃபேஜ்தான். அத அடுத்த வாரம் எழுதுறேன்.